கூலிங் காயிலுக்காக டேஷ்போர்டை இறக்கினால் கார் பழையபடி வருமா?

2017-ஆம் ஆண்டு வாங்கிய சிறிய கார். கேஸ் நிரப்பினால் இரண்டு மாதம் குளிர்கிறது, பிறகு வெறும் காற்றுதான் வருகிறது. கூலிங் காயிலில் கசிவு இருப்பதாகவும் அதை மாற்ற டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும் என்றும் மெக்கானிக் சொல்கிறார். அப்படி இறக்கிய கார் அதன்பின் ஓயாமல் கடகடக்கும் என்று தெரிந்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்துவிடலாமா என்ற யோசனையும் இருக்கிறது. நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. இதற்குள் நீங்கள் உண்மையில் கேட்பது, தொழிற்சாலையில் பூட்டிய ஒன்றை வெளியில் ஒருவர் கழற்றினால் அது மறுபடியும் அதே நிலைக்கு வருமா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். கார் ஏசி வேலையிலேயே பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் என் பதில், வரும் என்பதே. பழுது பார்ப்பதற்காகக் கழற்ற வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் அதை ஸ்க்ரூவும் கிளிப்பும் வைத்துப் பூட்டுகிறார்கள். ஆனால் அது எப்படித் திரும்பி வரும் என்பதில் பெரும்பகுதி கழற்றும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. எது எங்கே இருந்தது, எந்த வயர் எந்த வழியாகப் போனது என்று குறித்துக்கொண்டு கழற்றியவருக்குப் பூட்டுவது சிரமமே இல்லை. குறிக்காமல் கழற்றியவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் பூட்டும்போது ஊகத்தில்தான் வேலை செய்கிறார்.

டேஷ்போர்டைப் பற்றிப் பேசும் முன், கசிவது உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் அந்தக் கூலிங் காயில்தானா என்பது உறுதியாக வேண்டும். ஏசி கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருளன்று. மூடிய சுற்றுக்குள் அது திரும்பத் திரும்பச் சுழல்வது. ஆகவே இரண்டு மாதத்தில் கேஸ் இறங்குகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது என்பதில் ஐயமில்லை. எங்கே என்பதில்தான் ஐயம். ரேடியேட்டருக்கு முன்னால் கல்லடி படும், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர், கேஸை அழுத்திச் சுழலவைக்கும் கம்ப்ரசரின் தண்டு சீல், குழாய் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள், கேஸ் நிரப்பும் வால்வின் உள்ளிருக்கும் ஊசி ஆகிய எல்லாமே கசியக்கூடியவை. இவை எல்லாமே பானெட்டைத் திறந்தால் எட்டும் இடத்தில் இருப்பவை. முதலில் இவற்றை விலக்கிவிட்டுத்தான் காயிலின் மேல் பழி போட வேண்டும்.

காயிலைச் சோதிக்க டேஷ்போர்டைத் தொட வேண்டிய தேவையில்லை. ஆர்134ஏ எனப்படும் ஏசி கேஸ் காற்றைவிடக் கனமானது; காயிலில் கசிந்தால், காயில் அடங்கியிருக்கும் ஏசி பெட்டியின் அடியில் இறங்கி, தண்ணீர் சொட்டும் டிரெயின் குழாய் வழியாக வெளியே வரும். இன்ஜினையும் காற்று வீசும் புளோயரையும் நிறுத்திக் கால்மணி நேரம் காத்திருந்து, மின்னணுக் கசிவு காட்டியின் முனையை அந்தக் குழாயின் வாயில் வைத்தால், காயிலில் கசிவு இருக்கும்பட்சத்தில் அது கத்தும். திரும்பத் திரும்பக் கத்தி, இன்ஜின் பக்கம் எங்கும் கத்தவில்லை என்றால் கசிவு பெட்டிக்குள்தான் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் சேர்க்கும் முறையும் உண்டு. இன்ஜின் பக்கக் கசிவுக்கு அது மிகவும் நல்லது, ஆனால் காயிலில் ஊறும் தண்ணீர் சாயத்தைக் கழுவிவிடுவதால், சாயம் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்துக் காயில் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இன்னொன்று: காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு காயிலை ஒட்டியே இருப்பதால், அதன் ஓ-ரிங்கில் ஏற்படும் கசிவும் பெட்டிக்குள் கசிவதுபோலவே தோன்றலாம். சில கார்களில் அந்த வால்வை இன்ஜின் பக்கத்திலிருந்தே கழற்றிவிடலாம். உங்கள் மெக்கானிக் எந்தச் சோதனையை வைத்துக் காயில் என்று சொன்னார் என்பதை மரியாதையாகக் கேளுங்கள். "அனுபவத்தில் சொல்கிறேன்" என்பது மட்டுமே பதிலாக வந்தால், இன்னொருவரிடம் கருவி வைத்துப் பார்க்கச் சொல்வது உங்கள் உரிமை. அதோடு, சில பழைய சிறிய கார்களில் கிளவ் பாக்ஸையும் புளோயரையும் மட்டும் எடுத்துவிட்டுக் காயிலைப் பக்கவாட்டில் உருவிவிடலாம். உங்கள் மாடல் அந்த வகையா என்பதை அந்த மாடலின் ஒர்க்‌ஷாப் மேனுவல் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

காயில்தான் என்று உறுதியாகி, இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. டேஷ்போர்டு என்று கண்ணுக்குத் தெரிவது ஒரு பெரிய பிளாஸ்டிக் ஓடு. அதற்குப் பின்னால், முன் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் நிற்கும் பாடித் தூணிலிருந்து (முன் தூண்) மறுபக்கத் தூண் வரை இரும்புச் சட்டம் ஒன்று குறுக்கே ஓடுகிறது. ஸ்டீரிங் தண்டு, பயணி பக்க ஏர்பேக், ஏசி பெட்டி, வயரிங் கட்டு ஆகிய எல்லாம் அந்தச் சட்டத்தைப் பற்றிக்கொண்டுதான் நிற்கின்றன. சில கார்களில் ஓடு மட்டும் தனியே கழன்று வரும். வேறு சிலவற்றில் ஓடும் சட்டமும் சேர்ந்து வரும். எப்படி இருந்தாலும், ஏசி பெட்டி சட்டத்துக்கும் இன்ஜின் தடுப்புத் தகட்டுக்கும் நடுவில் அடைபட்டிருப்பதால், பெரும்பாலான கார்களில் பெட்டியை வெளியே எடுக்கச் சட்டம் அசைந்தே ஆக வேண்டும், சட்டம் அசைய ஸ்டீரிங் தண்டு கீழே இறங்க வேண்டும். ஒரு சிறிய அலுமினியக் காயிலை மாற்ற ஒரு முழு நாளும் சில கார்களுக்கு இரண்டு நாளும் ஆவதும், லேபர் தொகை காயிலின் விலையைத் தாண்டுவதும் இதனால்தான். அந்தத் தொகையைக் கேட்டு ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஏர்பேக் விஷயத்தில் மட்டும் நான் சற்று நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் மனிதருக்குக் காயம் உண்டாக்கக்கூடிய இடங்களில் முதன்மையானது அதுதான். இந்தியாவில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் 2019 ஜூலை 1 முதல்தான் புதிய கார்கள் எல்லாவற்றிலும் கட்டாயமானது. பயணி பக்கத்து ஏர்பேக் 2021 ஏப்ரல் 1 முதல் புதிய மாடல்களுக்குக் கட்டாயமாகி, பிறகு பழைய மாடல்களுக்கும் வந்தது. உங்கள் கார் 2017 என்பதால், எந்த வகை வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டும் இருக்கலாம், ஒன்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஸ்டீரிங் நடுவிலும் கிளவ் பாக்ஸுக்கு மேலும் எஸ்ஆர்எஸ் என்ற எழுத்து பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், முதல் வேலை பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது. இரண்டாவது வேலை சும்மா காத்திருப்பது. ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர், விபத்தில் பேட்டரி அறுந்துபோனாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகவே மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கிறது. அது வடிய எவ்வளவு நேரம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒன்றரை நிமிடம் போதும் என்று சொல்லும் மேனுவலும் உண்டு, பத்து நிமிடம் கேட்கும் மேனுவலும் உண்டு. மேனுவல் கையில் இல்லாதவர் நீண்ட நேரத்தையே எடுத்துக்கொள்வது நல்லது.

ஏர்பேக் வயர்களும் அவற்றை இணைக்கும் கப்ளர்களும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றில் மல்டிமீட்டர் வைத்து ஓம் பார்க்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமும் ஆபத்தாகலாம் என்பதால் நிறுவனங்கள் இதைத் தடை செய்கின்றன. கழற்றிய ஏர்பேக்கை விரியும் முகம் மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும், அதன்மேல் எதையும் வைக்கக் கூடாது. கவிழ்த்து வைத்த ஏர்பேக் தவறி வெடித்தால் அதுவே எறிபொருளாகிவிடும். ஏர்பேக் கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு எரிந்து கோளாறு பதிவாகிவிடும். பல கார்களில் அதை ஸ்கேனர் வைத்து அழித்தால்தான் விளக்கு அணையும். மறுபடி இணைத்தும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், விபத்தில் பை விரியாமல் போகலாம் என்று பொருள். "விளக்குதானே, எரிந்துவிட்டுப் போகட்டும்" என்று யாராவது சொன்னால் காரை எடுக்காதீர்கள்.

ஸ்டீரிங்கில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடா ஒன்று ஸ்டீரிங்குக்கு அடியில் இருக்கிறது. அது இரு பக்கமும் குறிப்பிட்ட சுற்றுகள் வரைதான் சுழலும். முன் சக்கரங்கள் நேராக இருக்கும்போது ஸ்டீரிங்கைப் பூட்டி வைத்து, தண்டின் பற்களில் மார்க்கரால் கோடு போட்டு, அந்த நிலையிலேயே கழற்ற வேண்டும். கழன்ற நிலையில் யாராவது அதைத் திருப்பிவிட்டால், பூட்டிய பிறகு முதல் யூ-டர்னிலேயே நாடா அறுந்து ஹாரனும் ஏர்பேக்கும் சேர்ந்து செத்துப்போகும். பல சிறிய கார்களில் பவர் ஸ்டீரிங்கின் மோட்டார் தண்டின் மேலேயே இருப்பதால் தண்டு நல்ல கனமாக இருக்கும். அதை வயரில் தொங்கவிடக் கூடாது, சீட்டின்மேல் துணி போட்டுத் தாங்கி வைக்க வேண்டும்.

மற்றபடி கழற்றும் வரிசை பெரிய மர்மம் ஒன்றுமில்லை. கியர் பக்கத்து நடுக் கன்சோல், கதவுப் படிகளின் பிளாஸ்டிக், காலடிப் பக்கத் தட்டுகள், முன் தூண்களின் மூடிகள், கிளவ் பாக்ஸ், ஸ்டீரிங்குக்கு அடியில் உள்ள தட்டு, தண்டின் உறை, மீட்டர், ஸ்டீரியோ, ஏசி சுவிட்ச் பலகை என்று ஒவ்வொன்றாக வந்த பிறகு ஓடு தனியாக நிற்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாமல் பிளாஸ்டிக் நெம்புகோலால் நெம்பினால் விளிம்புகளில் பல் பதியாது. விலை அதிகமில்லாத அந்தக் கருவி எந்த ஒர்க்‌ஷாப்பில் இல்லையோ, அங்கே உள்வேலைக்கு வண்டி விடாதீர்கள். இதில் நான் எப்போதும் சொல்லிக்கொடுக்கும் விதி ஒன்றுதான்: மிதமாக இழுத்தும் ஒரு பாகம் வரவில்லை என்றால் எங்கோ இன்னும் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அது வென்ட்டுக்குப் பின்னாலோ, ஒரு சிறிய மூடிக்கு அடியிலோ, கதவைத் திறந்தால் மட்டுமே தெரியும் ஓரத்திலோ, கண்ணாடியின் அடிவிளிம்பை ஒட்டியோ இருக்கும். பலத்தைக் கூட்டினால் உடையப்போவது அந்த ஸ்க்ரூ ஏறியிருக்கும் பிளாஸ்டிக் தூண். உடைந்த தூண்தான் பிறகு வரும் சத்தத்தின் பிறப்பிடம்.

ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தாலும் நீளம் வேறுபடும். குட்டை ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் நீளமானதை ஏற்றினால் அது பின்னால் போகும் காற்றுக் குழாயையோ வயர் கட்டையோ துளைக்கும். ஆகவே ஒவ்வொரு பாகத்தின் ஸ்க்ரூக்களையும் தனிப் பையில் போட்டு எழுதி வைப்பவர்கள் உண்டு. பாகத்தை எடுத்ததும் ஸ்க்ரூவை அதே துளையில் இரண்டு சுற்று ஏற்றி விட்டுவிடுபவர்களும் உண்டு. இரண்டாவது முறைதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் பை தொலையலாம், துளை தொலையாது. எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி வைக்கும் கடையைக் கண்டால் அப்போதே பேசுவது நல்லது.

கப்ளர்களைப் பற்றிப் பலரும் வீணாகப் பயப்படுகிறார்கள். அடுத்தடுத்து இருக்கும் கப்ளர்கள் வடிவத்திலோ நிறத்திலோ வேறுபடும்படிதான் செய்யப்பட்டிருக்கும். மாற்றிச் சொருகுவது அரிது. அடிக்கடி நடப்பது, ஒன்றைச் சொருகவே மறந்துவிடுவது. முன் தூணில் இருக்கும் டுவீட்டர் என்ற சிறிய ஸ்பீக்கர், கிளவ் பாக்ஸ் விளக்கு, ஹஸார்டு சுவிட்ச், தானியங்கி ஏசி உள்ள கார்களில் டேஷ்போர்டின் உச்சியில் இருக்கும் வெயில் உணரி ஆகியவைதான் மறதிக்கு ஆளாகின்றவை. இவற்றைவிட நேரத்தைத் தின்பவை, வாங்கிய பிறகு வெளியில் பொருத்திய ஸ்டீரியோ, பின்பக்கக் கேமரா, அலாரம் போன்றவற்றுக்காக வெட்டி ஒட்டி இன்சுலேஷன் டேப் சுற்றிய வயர்கள். தொழிற்சாலை வயரிங்கைப் படம் பார்த்துப் படிக்கலாம். இந்த ஒட்டு வயர்களுக்கு எந்தப் படமும் கிடையாது. உங்கள் காரில் இப்படி ஏதாவது இருந்தால் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எலி கடித்த தடம் தெரிந்தாலும் அந்த நேரத்திலேயே சரி செய்துவிட வேண்டும், மறுபடி அந்த இடம் கண்ணில் படப்போவதில்லை.

பெட்டியை வெளியே எடுக்கும் முன் கேஸை இறக்க வேண்டும். அதைக் காற்றில் திறந்துவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம்; செய்யக்கூடாத வழக்கம். ஆர்134ஏ, நூறாண்டுக் கணக்கில், அதே எடைக் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1,430 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. மேலும் திரவ நிலையில் அதன் கொதிநிலை மைனஸ் 26 டிகிரி என்பதால் தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் உள்ள கடையே சரியான கடை. குழாய்களைப் பிரித்த உடனே வாய்களை மூடிவிட வேண்டும், ஏனென்றால் கம்ப்ரசர் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக உறிஞ்சும். ஹீட்டர் உள்ள காரானால் இரண்டு ரப்பர் குழாய்களில் கூலன்ட்டும் வரும். அதைத் தேக்கிப் பிடிக்காவிட்டால் கார்பெட்டில் கொட்டி, மாதக்கணக்கில் இனிப்பு வாடை அடிக்கும். பெட்டியைப் பிடிக்கும் நட்டுகளில் ஒன்றிரண்டு இன்ஜின் பக்கத்திலிருந்து பூட்டியிருக்கும் என்பதை மறந்து உள்ளிருந்து இழுத்தால் பெட்டியின் காது உடையும்.

பெட்டியைப் பிளந்து காயிலை மாற்றும் இடத்தில்தான், டேஷ்போர்டைவிட அதிகமாக, வேலையின் தரம் தெரியும். பழைய காயிலைச் சுற்றி ஒட்டியிருக்கும் ஃபோம் பட்டையைப் புதிதாக ஒட்டாமல் விட்டால் காற்று காயிலின் ஊடே போகாமல் ஓரமாகத் தப்பிப் போகும். எல்லாம் புதிதாக இருந்தும் குளிர்ச்சி குறைவாகவே இருக்கும். காயிலின் இதழ்களுக்கு நடுவே சொருகியிருக்கும் வெப்ப உணரி எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அதே இடத்தில் சொருக வேண்டும். இடம் மாறினால் ஒன்று காயில் பனிக்கட்டியாக உறைந்து காற்று அடைபடும், அல்லது கம்ப்ரசர் தேவைக்கு முன்பே நின்றுவிடும். டிரெயின் குழாய் சரியாக உட்காராவிட்டால் முன் இருக்கையின் காலடியில் தண்ணீர் தேங்கும். எக்ஸ்பான்ஷன் வால்வையும், கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும், எல்லா ஓ-ரிங்குகளையும் இதோடு சேர்த்து மாற்றிவிடச் சொல்லுங்கள். அவற்றில் பெட்டியை ஒட்டியிருக்கும் ஒன்று பிறகு கெட்டால் அதற்காகப் பெட்டியை மறுபடி இறக்குவது யாருக்கும் நல்லதன்று. கேபின் ஃபில்டருக்கு இடமிருந்தும் ஃபில்டர் போடாமலே ஓடும் கார்களில் காயிலின் முகம் முழுவதும் இலைத் துணுக்கும் தூசியும் முடியுமாக அப்பிக் கிடப்பதைப் பார்க்கிறேன். அந்த ஈரச் சகதி அலுமினியத்தை அரிக்கிறது என்பது தெளிவு. உங்கள் காயில் ஓட்டையானதற்கு அதுதான் காரணமா, தயாரிப்பிலேயே இருந்த பலவீனமா என்பதை அதை வெளியே எடுத்துப் பார்க்காமல் சொல்ல இயலாது.

இப்போது பலரும் தவிர்க்கும் ஒரு படி. பெட்டியை உள்ளே பூட்டிக் குழாய்களை இணைத்ததும், டேஷ்போர்டு இன்னும் வெளியே இருக்கும்போதே, நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குச் சாவியைத் திருப்ப வேண்டியதில்லை என்பதால் ஏர்பேக் கோளாறு பதிவாகும் தொல்லையும் இல்லை. அழுத்தம் அசையாமல் நின்ற பிறகு டேஷ்போர்டை ஏற்றலாம். எல்லாம் முடிந்து வாக்குவம் பம்பை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஓடவிட்டு ஈரத்தை எடுத்தபின், பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதிய எடைப்படி கேஸ் நிரப்ப வேண்டும். புதிய காயில் போட்டதற்காக எவ்வளவு எண்ணெய் சேர்க்க வேண்டும் என்பதும் அந்தந்த மாடலின் மேனுவலில் உண்டு. கண் அளவில் ஊற்றுவது கூடாது.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவற்றில், முதலில், ஸ்டீரிங் தண்டின் போல்ட்டுகளும் குறுக்குச் சட்டத்தின் போல்ட்டுகளும், முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் வைத்து, மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்கப்பட வேண்டும். இதில் "கை கணக்கு" செல்லாது. பிளாஸ்டிக்கில் ஏறும் ஸ்க்ரூக்களுக்கு நேர்மாறான பக்குவம் தேவை: முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்பினால் பழைய மரையில் விழும் சின்ன "டிக்" உணர்வு கையில் தெரியும், அதன் பிறகு கையாலேயே முறுக்க வேண்டும். பவர் டூல் வைத்து ஏற்றினால் ஒவ்வொரு தடவையும் புதிய மரை வெட்டி, கடைசியில் எதுவும் பிடிக்காது. வயர் கட்டு எந்தக் கொக்கியில் மாட்டியிருந்ததோ அதே கொக்கிக்குத் திரும்ப வேண்டும். பாடியில் பூட்டும் எர்த் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு எர்த் தளர்ந்தால் இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் மங்குவது போன்ற, காரணமே பிடிபடாத கோளாறுகள் வரும். திருகு குமிழ் வைத்த ஏசியில், குளிர், சூடு மாற்றும் கம்பியை, குமிழையும் கதவையும் முழுக் குளிர் நிலையில் வைத்துத்தான் கிளிப் போட வேண்டும். அரை அங்குலம் தள்ளிப் போட்டால் ஹீட்டர் கதவு முழுவதும் மூடாமல், புதிய காயில் போட்டும் குளிரவில்லை என்ற புகார் வரும்.

சத்தத்துக்கு வருகிறேன். அது வருவதற்கான காரணங்களில் உறுதியாகச் சொல்லக்கூடியவை, உடைந்த கிளிப், விடுபட்ட ஸ்க்ரூ, கொக்கியில் மாட்டாத வயர் கட்டு, காற்றுக் குழாய்களின் இணைப்பில் இருந்து உதிர்ந்து திரும்ப ஒட்டாத ஃபோம் துண்டுகள். இவை நான்கும் மனிதர் கையில் இருப்பவை, பெரும்பாலும் தவிர்க்கக்கூடியவை. கிளிப்புகளைப் பொறுத்தவரை, கழற்றும்போது பாதி பாகத்திலும் பாதி பாடியின் துளையிலுமாக நின்றுவிடும்; துளையில் நின்றதை எடுத்துப் பாகத்தில் மாட்டிய பிறகே அமுக்க வேண்டும். ஒரு டஜன் புதிய கிளிப்புகளின் விலை மொத்தச் செலவில் ஒரு பொருட்டே இல்லை, ஆகவே முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதது பிளாஸ்டிக்கின் வயது. வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு எவ்வளவு சூடாகும் என்பதை அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டெம்பி நகரில் ஆய்வாளர்கள் அளந்து 2018-இல் வெளியிட்டார்கள். ஒரே மணி நேரத்தில் அது சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டது, நிழலில் நின்ற காரில் 48 டிகிரி. நம் ஊர்க் கோடையும் இதற்குப் பெரிதாக இளைத்ததில்லை. 2017 முதல் இப்படி வெந்து ஆறிய பிளாஸ்டிக்கின் கிளிப் நாக்குகளும் ஸ்க்ரூத் தூண்களும் எவ்வளவு கவனமாகக் கழற்றினாலும் ஒன்றிரண்டு உடையலாம். எப்போதும் நிழலில் நின்ற கார் என்றால் வாய்ப்பு குறைவு. வெயிலிலேயே நின்ற கார் என்றால் கூடுதல். இதைத் தொலைவிலிருந்து எடைபோட என்னால் இயலாது. உடைந்த தூணை பிளாஸ்டிக் வெல்டிங் செய்யலாம், எபாக்ஸி வைத்துக் கட்டலாம். உரசும் இடங்களில் வயர்களுக்குச் சுற்றும் துணி டேப்பை ஒட்டலாம். குளிர்காலக் காலையில் மட்டும் வந்து, சூடானதும் மறையும் கிறீச் ஒலி, இரண்டு பிளாஸ்டிக்குகள் ஒன்றோடொன்று உரசுவதால் வருவது. அது தொழிற்சாலையிலிருந்து வரும் புதிய காரிலும் உண்டு.

வீட்டில் செய்யலாமா என்ற கேள்விக்கு என் கருத்து இது. ஸ்டீரியோ மாற்ற, ஃபில்டர் மாற்ற, கிளவ் பாக்ஸ் கழற்ற எல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். ஏர்பேக் உள்ள காரில் ஸ்டீரிங்கையும் குறுக்குச் சட்டத்தையும் தொடும் வேலையை, அந்த மாடலின் மேனுவலும், டார்க் ரென்ச்சும், ஏர்பேக் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரும் இல்லாமல் தொடங்காதீர்கள். வீடியோ எடுத்தவரின் கார் உங்கள் மாடலாகவே இருந்தாலும் உங்கள் வகையாக இருக்க வேண்டியதில்லை. அதில் பயணி பக்க ஏர்பேக் இல்லாமல் இருக்கலாம். மேலும் கேஸ் இறக்கவும் ஏற்றவும் எப்படியும் கடைக்குத்தான் போக வேண்டும், டேஷ்போர்டு இல்லாத காரை அங்கே ஓட்டிப் போக முடியாது. நானே இருந்து பார்க்கிறேன் என்று கடையில் கேட்டு, கழற்றும்போது பக்கத்தில் நின்று கைபேசியில் படம் எடுத்துக் கொடுப்பது எல்லாவற்றிலும் பயனுள்ள பங்களிப்பு. நல்ல மெக்கானிக் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வண்டியை விடும்போது மீட்டரில் கிலோமீட்டரையும், எரியும் எச்சரிக்கை விளக்குகளையும் படம் எடுத்து வையுங்கள். எடுக்கும்போது, சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைகிறதா என்று முதலில் பாருங்கள். எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்படுங்கள், பல்பு எரியாதபடி வயரை மறைத்துவைக்கும் குறுக்கு வழிகள் உண்டு. ஹாரன், வைப்பர், எல்லா விளக்குகள், எல்லா வென்ட்டுகள், காற்றுத் திசை மாறுவது, ஸ்டீரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பார்ப்பது, நேர்ச் சாலையில் ஸ்டீரிங் நேராக நிற்பது ஆகியவற்றைச் சோதித்த பிறகு, மேடு பள்ளமான தெருவில் ஸ்டீரியோவை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். சத்தம் கேட்டால் வண்டியை நீங்கள் ஓட்ட, மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு இடமாக உள்ளங்கையால் அமுக்கிப் பார்க்கட்டும். எந்த இடத்தை அமுக்கினால் சத்தம் நிற்கிறதோ அதற்குப் பின்னால்தான் விடுபட்ட கிளிப் இருக்கும், பெரும்பாலும் அது ஓரிரு தட்டுகளை மட்டும் எடுத்துச் சரி செய்யக்கூடியது. கழற்றிய பழைய காயிலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எண்ணெய் கசிந்து தூசி கறுத்து ஒட்டிய இடம் அதில் தெரிந்தால் நோய் கணித்தது சரி. பிறகு இரண்டு நாள் ஏசி போட்டு ஓட்டி, இடப்பக்க முன் கார்பெட்டுக்கு அடியில் கைவைத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிரெயின் குழாய் உட்காரவில்லை, அன்றே திரும்பக் கொண்டுபோய் விடுங்கள்.